வெளிநாட்டில் டிப்ஸ்: எங்கே கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்கக் கூடாது?

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கம்பெனி பயிற்சிக்காக மூன்று வாரம் ஜப்பானில் நாகோயாவுக்குப் போகிறேன். வந்து ஒரு மாதம் கழித்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து டாலஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. விசா, இன்சூரன்ஸ் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. கேட்க வந்தது டிப்ஸ் பற்றி.

இதை ஏன் இவ்வளவு கவலையாகக் கேட்கிறேன் என்றால், என் அப்பா கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் 31 வருஷம் சப்ளையராக இருந்தவர். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ராத்திரி பத்தரைக்குத்தான் வீடு. சோம்புத் தட்டில் விழுகிற காசு முழுக்க ஒரு எவர்சில்வர் கூஜாவுக்குள் போகும், கடை அடைத்த பிறகு சப்ளையர், கிளீனர், தண்ணீர் வைக்கிற பையன், மாவாட்டுகிறவர் வரைக்கும் பங்கு பிரிப்பார்கள். சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். எனக்கும் அக்காவுக்கும் நோட்டு, பென்சில், சைக்கிள் பஞ்சர் எல்லாம் கூஜா காசுதான். அதனால் அப்பாவுக்கு ஒரே சட்டம்: சாப்பாடு வைத்த கையில் ஏதாவது வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. இன்றைக்கும் டீக்கடையில் இரண்டு ரூபாயாவது விட்டுவிட்டுத்தான் வருவார்.

ஆனால் ஜப்பானில் டிப்ஸ் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். அமெரிக்காவில் கொடுக்காமல் வந்தால்தான் தப்பு என்று அக்கா சொல்கிறாள். ஒரே காரியம் ஒரு ஊரில் மரியாதை, இன்னொரு ஊரில் அவமரியாதையா? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். அப்பாவை எங்கேயும் தலைகுனிய விடக் கூடாது, அவர் யாரையும் மனம் நோகவைத்து விடவும் கூடாது.

ஓடம்போக்கி, திருவாரூர்

தம்பி, நான் நாகோயா பக்கத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். ஜப்பானில் கொடுக்காதீர்கள். அவமானம் என்று சண்டைக்கு வர மாட்டார்கள், குழம்பிப் போவார்கள், அவ்வளவுதான். முதல் வாரத்தில் ஒரு சின்ன ராமென் கடையில் 500 யென் நாணயத்தை கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டேன், பின்னால் செருப்புச் சத்தம். கடையில் இருந்த அம்மா, ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், ஏப்ரனோடு மூச்சிரைக்க ஓடி வந்து இரண்டு கையாலும் அந்த நாணயத்தை நீட்டி, மறந்துவிட்டீர்கள் என்று குனிந்து வணங்கினார். மறக்கவில்லை, உங்களுக்குத்தான் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு பாஷை தெரியாது. வாங்கிக்கொண்டேன். அவரை மழையில் ஓடவைத்ததுதான் மிச்சம்.

அங்கே சர்வருக்கு என்று தனியாகக் குறைந்த கூலி கிடையாது. 2024இல் குறைந்தபட்சக் கூலி நாடு முழுக்கச் சராசரியாக மணிக்கு 1,055 யென், மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், ஓட்டலில் வேலை செய்பவருக்கும் அதேதான். பில்லில் இருக்கிற தொகைக்குள்ளேயே அவருடைய உபசரிப்பும் அடக்கம் என்பது அவர்கள் எண்ணம். ரியோகான் என்கிற பழைய பாணி சத்திரங்களில் மட்டும் சிலர் அறையைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவுக்குக் காசை ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வெறும் நோட்டாக நீட்ட மாட்டார்கள். அதுவும் கட்டாயம் இல்லை.

இன்னொன்று, ராத்திரி இஸகாயா என்கிற, குடித்துக்கொண்டே சாப்பிடும் கடைக்குப் போனால் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள், பில்லில் அதற்கு 300, 400 யென் ஏறியிருக்கும். ஒதோஷி என்று பெயர். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், உட்காரும் கட்டணம் மாதிரி அது.

அப்பா மனசு ஆறவேண்டும் என்றால், எழுந்து போகும்போது சத்தமாக 'கோச்சிசோசாமா தெஷிதா' என்று சொல்லுங்கள். சாப்பாடு அருமையாக இருந்தது, நன்றி என்கிற மாதிரி. சமையல்கட்டுக்குள் இருப்பவர் வரைக்கும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வார். பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எடுத்துப் போங்கள். காசை வாங்காதவர்கள் ஊர்ப் பொருளை அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

பாமணி, மன்னார்குடி (இப்போது டெக்சாஸ்)

உங்கள் அக்கா சொன்னது சரி தம்பி. டாலஸ் பக்கம் பத்து வருஷமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் டிப்ஸ் என்பது நம் ஊர்க் காபி காசு இல்லை, அது அவர்களுடைய கூலியில் பெரும் பகுதி. மத்திய அரசுச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து மாறவில்லை. டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால் முதலாளி கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வந்துவிடும் என்று கணக்கு. அந்த 2.13 வந்தது 1991இல், இன்றைக்கும் அதேதான். டிப்ஸ் சேர்த்தும் 7.25 வரவில்லை என்றால் மீதியை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குள் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரி ஏழு மாநிலங்களில் இந்தக் குறைந்த கணக்கு கிடையாது, முழுக் கூலி கொடுக்க வேண்டும். டெக்சாஸில் 2.13தான்.

நான் வந்த புதிதில் 60 டாலர் பில்லுக்கு இரண்டு டாலர் வைத்தேன், நம் ஊர்க் கணக்கில் அது தாராளம் இல்லையா. அந்தப் பெண் பின்னாலேயே வந்து, நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். கண் கலங்கக் கேட்டாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

வரி சேர்க்கும் முன் வருகிற தொகைக்கு 18 சதவீதம், நன்றாகக் கவனித்தால் 20. 40 டாலர் சாப்பாட்டுக்கு 8 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தேய்த்த பிறகு ஒரு சீட்டு வரும், அதில் டிப் என்று ஒரு கோடு, மொத்தம் என்று ஒரு கோடு, இரண்டையும் நீங்கள்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனால் பல ஓட்டல்களில் அவர்களே 18 சதவீதம் சேர்த்துவிடுவார்கள், பில்லைப் பார்க்காமல் இரண்டாவது தடவை போட்டுவிடாதீர்கள். நின்று வாங்கிப் போகிற காபிக் கடையில் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள், அங்கே வேண்டாம் என்று அழுத்தினால் ஒன்றும் தவறில்லை. லாட்ஜில் தங்கினால் அறை சுத்தம் செய்பவருக்குத் தினம் மூன்று, நாலு டாலர் தலையணை மேல் வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைக்காதீர்கள், அன்றைக்கு வருபவர் வேறு ஆளாக இருக்கலாம்.

முக்கியமானது, அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருப்பீர்கள் இல்லையா? தள்ளிக்கொண்டு வருபவர் இமிகிரேஷன், பெட்டி எடுக்கும் இடம், வெளியே கார் வரைக்கும் வருவார். பெரும்பாலும் அவர்களும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்தான், கூலி குறைவு. வீல்சேருக்கு விமானக் கம்பெனி காசு வாங்காது, ஆனால் தள்ளி வந்தவர் கையில் ஐந்திலிருந்து பத்து டாலர் கொடுப்பது வழக்கம். அந்த நோட்டை அப்பா சட்டைப் பையில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

வெண்ணாறு, நீடாமங்கலம்

பாமணி அக்கா சொன்ன விவரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கும்போது வயிறு எரிகிறது. வேலை வாங்குகிறவன் கூலி கொடுக்காமல், சாப்பிட வந்தவன் தயவில் விட்டுவிட்டு, அதற்கு நாம் 18, 20 என்று கணக்குப் படிக்கிறோம்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இது புதிதா? களத்தில் நெல் தூற்றி முடித்ததும் வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், வெட்டியான் என்று ஒவ்வொருவருக்கும் மரக்காலில் அளந்து போடுவார்கள், அதற்கு 'சுதந்திரம்' என்று பெயர். என் தாத்தா அதைப் பெருமையாகச் சொல்வார். வாங்கினவர் வீட்டுக் கிழவியிடம் நான் கேட்டேன், மரக்காலைத் தட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று ஐயா முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம் என்றார். வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒருத்தர் முகம் பார்த்து நிற்பது. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கட்டினார்கள், 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். 1969இல்தான் கிழக்குத் தஞ்சைக்கு விவசாயக் கூலியைச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு புல்மன் ரயில் பெட்டிக் கம்பெனி கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வைத்துக்கொண்டது, சம்பளம் கொஞ்சம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்றது. பெட்டி தூக்கி, செருப்புத் துடைத்து, சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937இல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிப்ஸ் வேண்டாம், சம்பளம் கொடு என்பதுதான் என் கட்சி. அதனால் நான் எங்கேயும் டிப்ஸ் வைப்பதில்லை.

பாமணி

வெண்ணாறு தம்பி, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை, கடைசி வரியைத் தவிர. சட்டம் மாறட்டும், அதற்கு ஓட்டுப் போடலாம், சங்கத்துக்குச் சந்தா கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கு மத்தியானம் உங்கள் தட்டை எடுத்த பெண் இன்றைக்கு ராத்திரி வாடகை கட்ட வேண்டும். நீங்கள் எட்டு டாலர் வைக்காமல் போனதால் முதலாளிக்கு ஒரு காசு குறையாது. அவளுக்குத்தான் குறையும்.

கூத்தாநல்லூரான், சிங்கப்பூர்

சிங்கப்பூர் சுருக்கமாக. டிப்ஸ் வேண்டாம். ஏசி ரெஸ்டாரெண்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் கட்டுவது 119.90. அந்தப் பத்து சதவீதம் முதலாளி கணக்குக்குப் போகிறது, பரிமாறினவருக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஹாக்கர் சென்டர் என்கிற, சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கும் பொது இடத்தில், தேக்கா மார்க்கெட் மாதிரி இடங்களில், சர்வீஸ் சார்ஜும் இல்லை, டிப்ஸும் இல்லை. 2021 முதல் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும் என்பது கட்டாயம், அதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள். மேஜை துடைக்கிற வயசானவர்களைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது, தட்டைச் சுத்தமாக எடுத்து வைத்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி.

இலைபோடுகிறவன், தஞ்சாவூர்

நான் இப்போதும் சப்ளையர்தான், பதினான்கு வருஷம். அரசலாற்றங்கரை அண்ணன் அப்பாவுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கதை எனக்குத் தெரியாது, நம் ஊர் நிலவரம் சொல்கிறேன். ஜிபே வந்த பிறகு கூஜா காய்ந்துவிட்டது. முன்பு 87 ரூபாய் பில்லுக்கு நூறு கொடுத்துவிட்டு மீதியை விட்டுப் போவார்கள், இப்போது கல்லாவில் ஸ்கேன் பண்ணி 87 ரூபாயைச் சரியாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கையில் சில்லறையே இல்லை, அவ்வளவுதான். கொடுக்க நினைக்கிறவர்கள் கல்லா கணக்கில் சேர்த்துப் போடாதீர்கள், எங்கள் கைக்கு வராமலே போகலாம். பத்து ரூபாயாக இருந்தாலும் கையில் கொடுங்கள்.

பெரிய ஓட்டல்களில் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அது சரி என்றது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். எடுத்த காசில் ஒரு பங்கைப் பரிமாறின தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனால் நேராகச் சேரும்.

ஜெர்மனியில் இருந்து வந்த ஒருவர் ஒருமுறை என் மேஜையில் சாப்பிட்டார். அவர்கள் ஊரில் டிப்ஸுக்குக் 'குடிக்கிற காசு' என்று அர்த்தம் வருகிற வார்த்தையாம், பிரெஞ்சிலும் அப்படியே என்றார். நம் டீ காசுதானே என்று சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரசலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாகோயா அம்மா ஓடி வந்த இடத்தில் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். வெண்ணாறு எழுதியதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், 'அந்தத் தம்பி சொல்வது நியாயம், எங்களுக்கும் சம்பளம் சரியாக இருந்திருந்தால் நான் தட்டைப் பார்த்திருக்க மாட்டேன்' என்றார். தஞ்சாவூர்த் தம்பியும் நாள் முழுக்க நிற்கிறவர்தானே, கால் வீங்கினால் கல் உப்பு போட்ட வெந்நீரில் தினமும் கால் வைக்கச் சொன்னார்.

காலையில் எழுந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: வீல்சேர் தள்ளுபவர், லாட்ஜ், ஓட்டல் எத்தனை வேளை என்று. எல்லாம் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டாகவே வேண்டுமாம், சில்லறை இல்லை என்று யாரிடமும் கையை விரிக்கக் கூடாதாம். பாமணி அக்கா, திருச்சியில் மாற்றினால் சின்ன நோட்டு கிடைக்குமா?

பாமணி

பெரும்பாலும் நூறும் ஐம்பதுமாகத்தான் கொடுப்பார்கள். இறங்கினவுடனே தேவைப்படும் வீல்சேர்க் காசுக்கு மட்டும் இரண்டு ஐந்து டாலர் நோட்டு எப்படியாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்கு ஒரு டாலர் கட்டு வங்கியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லி அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.