முப்பத்தொராம் நாள் நினைவு மலர்: புதுப்பிப்பு

இறந்த 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலரை (யாழ்ப்பாணத்தில் பலருக்கு இன்னும் 'கல்வெட்டு'தான்) எப்படித் தொகுப்பது என்று முன்பு எழுதிய இழையில் அதிகம் கேட்கப்பட்டது திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் செய்யுள்) பற்றி.

வெண்பாவில் தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி, பெயர் ஆகியவை வர வேண்டும். பிழை வருவது யாப்பில் அல்ல, திதியில். கனடாவில் இறந்தவருக்கு அந்த நாளின் தேதியை வைத்தே யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். ரொறன்ரோவில் கோடைகாலத்தில் இரவு 8 மணி என்றால் இலங்கையில் மறுநாள் காலை 5.30. நேரத்தை மாற்றிய பிறகே பஞ்சாங்கத்தைத் திறக்கவும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களிலும் திதி முடியும் நேரம் வேறுபடும். வீட்டில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே எடுங்கள். வருடத் திவசமும் அதன்படிதான் வரும்.

மலரில் போடும் படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 3 அங்குல அகலத்துக்குக் குறைந்தது 900 பிக்சல் தேவை.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் 4இன் மடங்காக இருக்கும். 18 பக்கம் வந்தால் மிஞ்சும் இரண்டையும் வம்சாவளிக்குக் கொடுங்கள். அங்கேதான் மருமக்கள் பெயர் விடுபட்டு மனக்கசப்பு வரும். ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் பார்த்த பின்பே அச்சுக்கு.

பாமினியில் (யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) தட்டச்சு செய்ததை அப்படியே யுனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். எழுத்துரு மாற்றியில் போட்டெடுத்து, பெயர்களை மட்டும் தனியாக இன்னொரு முறை வாசியுங்கள். பிடிஎஃப் ஒன்றை நூலகம் இணைய ஆவணகத்துக்கும் அனுப்பலாம். நன்றிப் பக்கத்திலுள்ள தொலைபேசி எண்களை அந்தப் பிரதியில் எடுத்துவிடுங்கள்.