மறு: எக்செல் கட்டத்தின் நிரப்பில் ஃபோர்கிரவுண்டுக்கு ‘முன்புற நிறம்’, தமிழில் வேறு சொல் உண்டா?

> ஃபோர்கிரவுண்டுக்கு முன்புற நிறம், பேக்கிரவுண்டுக்குப் பின்புல நிறம். போதாதா?

போதாது. அதைப் படிப்பவர் தவறான இடத்தில் நிறத்தைக் கொடுப்பார். எக்செல் கோப்பில் ஒரு கட்டத்தின் நிரப்பு என்பது ஒரு பேட்டர்னும் இரண்டு நிறங்களும். புள்ளி பேட்டர்ன் என்றால் புள்ளிக்கு ஒரு நிறம், இடைவெளிக்கு ஒன்று. ஃபோர்கிரவுண்ட் என்பது புள்ளியின் நிறம். எழுத்தின் நிறம் அல்ல. ‘சாலிட்’ வைத்தால் புள்ளி கட்டம் முழுக்கப் பரவிவிடும்; ஆக, கண்ணுக்குப் பின்புலமாகத் தெரிவதே ஃபோர்கிரவுண்ட்தான்! எக்செல் கோப்புகளை எழுதும் பைத்தான் தொகுப்பான ஓப்பன்பைஎக்செல்லில் சாலிட் வைத்து, பேக்கிரவுண்டுக்கு மட்டும் மஞ்சள் கொடுத்துப் பாருங்கள். கட்டம் கறுத்துப்போகும், ஏனெனில் கொடுக்காமல் விட்ட ஃபோர்கிரவுண்டின் இயல்பு மதிப்பு கறுப்பு.

நிபந்தனை வடிவூட்டலில், அதாவது கட்டத்தின் மதிப்பைப் பொறுத்து நிறம் தானாக மாறும்போது, எல்லாம் தலைகீழ். அங்கே தெரிவது பேக்கிரவுண்ட். ஆர் மொழியின் ஓப்பன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தொகுப்பிலும் அப்படியே: வெளிர்சிவப்பை (255, 199, 206) நேரடியாகக் கட்டத்துக்குப் பூச ‘எஃப்ஜி ஃபில்’, நிபந்தனைக்கு ‘பிஜி ஃபில்’.

என் பரிந்துரை: கோலநிறம், தரைநிறம். தரைமேல் கோலம், கோலத்தின்மேல் எழுத்து. சாலிட் என்றால் தரை தெரியாதபடி கோலம்.

> மேல்நிறம், அடிநிறம் இன்னும் எளிது.

மேல்நிறம் என்றால் எழுத்து நிறம் என்றுதான் முதலில் தோன்றும். அடிநிறம் பரவாயில்லை, ஆனால் கட்டத்தின் அடிக்கோட்டுக்கும் தனி நிறம் உண்டே, அதனோடு குழம்பும்.

> கோலம் என்பதை ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டால்?

ஸ்டைலுக்குப் ‘பாணி’ இருக்கிறது. பேட்டர்னையே ‘கோலம்’ என்று வைத்துவிட்டால் மூன்று சொல்லும் ஒரே குடும்பமாகிவிடும்.

> சரி, ஏற்கிறேன். அப்படியே ஓப்பன்எக்ஸ்எல்எஸ்எக்ஸில் கட்டத்துக்குப் பாணி சேர்க்கும்போது தரும் ‘ஸ்டாக்’ என்ற தெரிவுக்கும் ஒன்று? அடுக்கு?

அடுக்கு என்றால் தரவுக் கட்டமைப்பு நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. சதவீத வடிவம் உள்ள கட்டத்தில் நிறப் பாணியைச் சேர்க்கும்போது ஸ்டாக்கை ‘உண்மை’ (ட்ரூ) ஆக்காவிட்டால் பழைய பாணி போய்விடும், 12.5% என்று இருந்தது 0.125 ஆகிவிடும். நிறம் சரியாக வந்திருப்பதால் எண்ணை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பழையதை வைத்துக்கொண்டே புதியதை இடுவதால், ‘மேலிடல்’ என்பேன்.