ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்

தனியாக வாழும் பெரியவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன ஆய்வு. நாங்கள் ஏழு பேரும் தன்னார்வலர்கள். இரண்டு நாள் பயிற்சி முடிந்து, கையில் 14 கேள்விகளோடு கிளம்பினேன்.

முதல் வீட்டு வாசலில் மனப்பாடம் செய்த அறிமுகத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, என்ன விக்கிறீங்க?" என்றார்.

அடையாள அட்டையைக் காட்டி விளக்கியதும் உள்ளே விட்டார். பதிவு செய்யலாமா என்று கேட்டேன், தலையசைத்தார். 14 கேள்விகளும் 11 நிமிடத்தில் முடிந்துவிட்டன. "ஆமா", "இல்லை", "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை". நான் கேட்ட லட்சணம் அப்படி. "தனிமை உங்களைப் பாதிக்கிறதா?" என்று முன்பின் தெரியாதவன் கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்?

ரெக்கார்டரை அணைத்துப் பையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில் ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. பெரிய அளவு, தூசு தட்டித் துடைத்து வைத்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "அவரோடதுதான். போய் நாலு வருஷமாச்சு. ராத்திரியில வெளியே எடுத்து வச்சிடுவேன். உள்ளே ஆம்பளை ஆள் இருக்குன்னு நினைக்கணும்ல?"

அதற்குப் பிறகு வாசலில் நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். எதுவும் பதிவாகவில்லை. அவர் பேசச் சம்மதித்தது அந்த 14 கேள்விகளுக்குத்தானே, இதை எழுதலாமா கூடாதா என்று மண்டை காய்ந்தது. மறுவாரம் போய் அவரிடமே கேட்டேன். என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

* * *

நீங்களாவது பேசவேண்டிய ஆளிடம் பேசினீர்கள். எங்களுடையது வீடு வீடாகப் போகும் சர்வே. கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டு வந்துவிட முடியாது. அப்படிச் செய்தால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களை வரிசையாக எழுதி, யாரிடம் பேசுவது என்பதை ஓர் அட்டவணை பார்த்து முடிவு செய்யவேண்டும். லெஸ்லி கிஷ் என்பவர் 1949ல் கொடுத்த முறை, அதனால் கிஷ் அட்டவணை என்பார்கள்.

ஒரு வீட்டில் அது மருமகளைக் காட்டியது. கதவைத் திறந்த மாமனாரோ, "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வாதாடினால் கதவு மூடிவிடும். பழியை அட்டவணை மேல் போட்டேன். "ஐயா, நானா ஆளை மாத்தினா இந்தப் படிவத்தையே தூக்கிப் போட்டுடுவாங்க." அது வேலை செய்தது. அந்தப் பெண் வந்தார், மாமனாரும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் வந்தது. "வீட்டில் முடிவெடுப்பது யார்?" என்ற கேள்விக்கு இருவருமே சிரித்தார்கள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை.

படிவத்தின் கடைசியில் 'பேட்டியின்போது வேறு யாராவது உடனிருந்தார்களா' என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை அதை ஒப்புக்கு நிரப்பிக்கொண்டிருந்தேன். அன்று அழுத்தி டிக் அடித்தேன்.

* * *

முதலில் எழுதியவர் கேட்ட கேள்வியில் வரும் 'பாதிக்கிறதா' என்ற சொல்லைப் பற்றி. 1941ல் டொனால்ட் ரக் என்பவர் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சைத் தடை செய்யவேண்டுமா என்று ஒரு கூட்டத்திடம், அனுமதிக்கவேண்டுமா என்று இன்னொரு கூட்டத்திடம். தடை செய் என்று சொன்னவர்களைவிட, அனுமதிக்காதே என்று சொன்னவர்கள் கணிசமாக அதிகம். ஒரு வினைச்சொல் செய்த வேலை அது.

என் பாவம் வேறு ரகம். ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். சொந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை. ஒருவர் சொல்கிறார்: "வேலை போனதுக்கு அப்புறம்..." இரண்டு நொடி அமைதி. உடனே என் குரல் குறுக்கே பாய்கிறது: "கஷ்டமா இருந்திருக்கும், இல்லையா?" அவர்: "ஆமா." அவ்வளவுதான், நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த 'அப்புறம்' எங்கே போயிருக்கும் என்று இன்றுவரை தெரியாது. ஹெட்ஃபோனில் ஏழெட்டு முறை ஓட்டிக் கேட்டேன், ஏதோ இன்னொரு தரம் கேட்டால் சொல்லிவிடுவார் என்பதுபோல.

இப்போதெல்லாம் யாராவது நிறுத்தினால் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணுகிறேன். ஆறு வரை எண்ணுவதற்குள் பெரும்பாலும் அவர்களே தொடர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆறு நொடி எவ்வளவு நீளம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

* * *

சின்னதாக ஒன்று. "வழக்கமாக என்ன செய்வீர்கள்", "கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை" என்றெல்லாம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். போன வருடம் நடந்ததைப் போன மாதம் என்பார்கள். பொய்யில்லை, நினைவு அப்படித்தான் இழுத்துக்கொள்ளும். "நேத்து காலைல எழுந்ததில இருந்து சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தால் போதும். என் பட்டியலில் பாதிக் கேள்விக்கு நான் கேட்காமலே பதில் வந்துவிடுகிறது. மீதிப் பாதி கேட்கவே வேண்டாதவை என்பதும் தெரிந்துவிடுகிறது.

* * *

முதலில் எழுதியவன்தான். 'நேத்து' யோசனையை அடுத்த வீட்டிலேயே முயன்றேன். 11 நிமிடம் 50 நிமிடமாகிவிட்டது. நன்றி.

அந்த அம்மா சொன்னதைச் சொல்கிறேன். மறுவாரம் போனபோது, அன்று வாசலில் பேசியதை எழுதிக்கொள்ளலாமா, வெளியில் பகிரலாமா, பெயர் எங்கேயும் வராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நல்லவேளையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்கோ தம்பி. ஆனா நான் வெளியே எடுத்து வைக்கிற சாமான் என்னன்னு மட்டும் எழுதிடாதே. படிக்கிறவன் எவனாவது இந்தப் பக்கம் வந்தா கண்டுபிடிச்சிடுவான், அப்புறம் வச்சு என்ன பிரயோசனம்?"

வேறு என்ன என்று எழுதட்டும் என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் நான் கழற்றிவிட்டிருந்தது கண்ணில் பட்டது. "செருப்புன்னு போட்டுக்கோயேன்" என்றார்.