1970 ஷெவெல் எல்எஸ்6: இந்த எண்களை நம்பலாமா?

கரியபோனட்:
ஏலத்துக்கு வரும் 1970 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454. எல்எஸ்6 (450 குதிரைத்திறன் எஞ்சின்), நாலு கியர் மேனுவல், மேட்சிங் நம்பர்ஸ் (காரோடு ஆலையிலிருந்து வந்த அதே எஞ்சின்) என்கிறது விளம்பரம். படங்களில் தெரிவது: விஐஎன் (வாகன அடையாள எண்) 13637 என்று தொடங்குகிறது, கௌல் டேக்கில் (பாடி விவரத் தகடு) 02பி, எஞ்சின் பேடில் (குறி குத்தும் தட்டையான பகுதி) டி0305சிஆர்வி, பிளாக்கில் வார்ப்பு எண் 3963512. கேட்கும் விலை சரியா?

டோனவாண்டா:
விலையை விடுங்கள், தேதியே இடிக்கிறது. 02பி என்றால் பாடி பிப்ரவரி இரண்டாம் வாரம். டி0305 என்றால் டோனவாண்டா ஆலையில் மார்ச் 5 அன்று கூட்டிய எஞ்சின். கார் முடிந்த பிறகு பிறந்த எஞ்சின் அந்தக் காரோடு எப்படி வந்திருக்கும்? பிளாக் வார்ப்புத் தேதி, எஞ்சின் கூட்டிய தேதி, பாடி தேதி, இந்த வரிசைதான் வரவேண்டும்.

சிஆர்வி எல்எஸ்6 மேனுவலுக்கு உரிய குறிதான் (ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர்). ஆனால் மூணு எழுத்தைப் புதிதாகக் குத்த எவ்வளவு நேரம்! 13637 வெறும் வி8 மாலிபு (ஷெவெலின் எஸ்எஸ் அல்லாத வகை) கூபே. 1970 விஐஎன்னில் எஸ்எஸ் என்பதே இருக்காது. 3963512 திறன் குறைந்த எல்எஸ்5 எஞ்சினுக்கும் வந்த பிளாக்.

ஹோலி780:
பேடைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். ஆலை இழைத்த மெல்லிய இணைகோடுகள் எழுத்துகளுக்கு அடியில் தெரிய வேண்டும். வழவழப்பாக இருந்தால் ஒன்று ரீபில்டில் டெக்கை (பிளாக்கின் மேல்தளம்) சீவியிருப்பார்கள், அல்லது மறுபடி குத்தியிருப்பார்கள். பேடிலும் கியர்பாக்ஸிலும் விஐஎன்னின் கடைசி ஆறு இலக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எல்எஸ்6 ஹெட்டின் வார்ப்பு எண் 3964291, செவ்வகப் போர்ட். கார்பரேட்டர் 780 சிஎஃப்எம் ஹோலி. வால்வைத் தூக்கும் லிஃப்டர் சாலிட் வகை, ஐடிலில் டிக்டிக் கேட்கும். குவாட்ராஜெட் கார்பரேட்டரும் ஹைட்ராலிக் லிஃப்டரும் இருந்தால் அது 360 குதிரைத்திறன் எல்எஸ்5, 450 அல்ல. இவையும் மாற்றக்கூடிய பாகங்கள்தான், அதனால் இருப்பது ஆதாரமாகாது.

பன்னிரண்டுபோல்ட்:
காகிதம்தான் தீர்ப்பு. பில்ட் ஷீட் (காரில் போடும் பாகங்களை ஆலை குறித்த தாள்) பெட்ரோல் டேங்கின் மேலோ பின்சீட் ஸ்பிரிங்கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். கனடாவில் விற்ற காருக்கு ஜிஎம் கனடா ஆவணம் தரும். அமெரிக்காவில் விற்றதற்கு அந்த வசதி கிடையாது.

வினைல் கூரை இருந்தால் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் துருவிப் பாருங்கள், அங்கே துருவேறி டிக்கித் தரைக்குத் தண்ணீர் இறங்கும். ஓட்டும் எண்ணம் இருந்தால் எல்எஸ்6-இன் 11.25 கம்ப்ரஷன் விகிதம் இன்றைய பம்ப் பெட்ரோலில் நாக் அடிக்கும். துத்தநாகம் குறைந்த எண்ணெய் கேம் லோபைத் தேய்த்துவிடும்.

பில்ட் ஷீட் வராவிட்டால் எஞ்சின் மாற்றிய மாலிபு விலைக்கு மேல் கையைத் தூக்காதீர்கள்.