வென்டிலேட்டர் திரையில் ஓடும் எண்கள்: யாராவது விளக்க முடியுமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு நிமோனியா முற்றி ஐசியூவில் வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள். உள்ளே விடுகிற கொஞ்ச நேரமும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பீப் 8, எஃப்ஐஓ2 50, டைடல் வால்யூம் 290 என்று ஏதேதோ ஓடுகிறது, நடுநடுவே அலாரம் அடிக்கிறது, நர்ஸ் வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறார். டாக்டரிடம் கேட்டால் "ஸ்டேபிளா இருக்காங்க" என்பதோடு சரி. மூச்சு விடுவது மெஷின் மட்டும்தானா, அம்மாவும் விடுகிறாரா?

நைட் டியூட்டி நர்ஸ்:
எஃப்ஐஓ2 50 என்றால் உள்ளே போகும் காற்றில் பாதி ஆக்சிஜன். வெளிக்காற்றில் 21 சதவீதம்தான். பீப் என்பது மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைப்பது, அது இல்லாவிட்டால் நோயுற்ற காற்றறைகள் மூடிக்கொள்ளும். இந்த இரண்டு எண்ணும் நாளுக்கு நாள் இறங்கினால் நல்ல சேதி.

அலாரம் அடித்தால் நாங்கள் முதலில் பார்ப்பது நோயாளியை, மெஷினை அப்புறம். அழுத்தம் கூடிவிட்டது என்று அடித்தால் பெரும்பாலும் சளி அடைப்பு, இருமல், குழாயைப் பல்லால் கடிப்பது, குழாய் மடங்கியது, இப்படி ஏதாவது இருக்கும். அழுத்தம் குறைந்தது என்று அடித்தால் எங்கோ இணைப்பு கழன்றிருக்கலாம், அதற்கு ஓட வேண்டும். அந்தப் பட்டன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த மட்டும்தான், காரணம் தீராவிட்டால் திரும்ப அடிக்கும்.

பயோமெடிக்கல் ஆள்:
அம்மா மூச்சு விடுகிறாரா என்பதற்குத் திரையிலேயே பதில் இருக்கிறது. மூச்சு எண்ணிக்கை இரண்டு இடத்தில் இருக்கும்: டாக்டர் வைத்தது ஒன்று, உண்மையில் நடப்பது ஒன்று. வைத்தது 16, நடப்பது 21 என்றால் கூடுதல் மூச்சுகளை அம்மாவே தொடங்குகிறார். அவர் லேசாக இழுக்கும்போது குழாயில் ஓடும் காற்றின் வேகம் மாறும், ஃப்ளோ சென்சார் அதைப் பிடித்ததும் மெஷின் காற்றை உள்ளே தள்ளும். வெளிவிடுவதற்கு மெஷின் ஒன்றும் உறிஞ்சுவதில்லை, வால்வைத் திறந்துவிடும், நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்று வெளியேறும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு உதைத்தால் எங்கோ கசிவு. குழாயில் தண்ணீர் தேங்கி அலைந்தாலும் சென்சார் ஏமாந்துபோய் அதை மூச்சு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மயக்கவியல்:
டைடல் வால்யூம் என்பது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவு. 290 மில்லி குறைவோ என்று பயப்பட வேண்டாம். இதை உடல் எடையை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான். ஐந்தடிப் பெண் 70 கிலோ இருந்தாலும் கணக்கில் 45.5 கிலோதான், ஏனென்றால் உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. முன்பெல்லாம் தாராளமாகத் தள்ளினோம். 2000-இல் வந்த அமெரிக்க ஆய்வில், தீவிர நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எடையில் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தபோது இறப்பு சுமார் 40 சதவீதம், 6 மில்லியில் 31. அதிகம் ஊதினால் மெஷினே நுரையீரலைக் கெடுக்கும்.

டாக்டரிடம் "எப்படி இருக்காங்க" என்று கேட்காதீர்கள். மெஷின் கொடுக்கும் ஆக்சிஜன் நேற்றைவிட இறங்கியிருக்கிறதா, தூக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தீர்களா, சொந்தமாக மூச்சுவிடும் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனையில் மெஷின் உதவியை வெகுவாகக் குறைத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பார்ப்பார்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. இன்று பார்த்தேன், வைத்தது 14, நடப்பது 19. எஃப்ஐஓ2 45 ஆகியிருக்கிறது. ஆனால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள், அது எதற்கு?

நைட் டியூட்டி நர்ஸ்:
மயக்கம் தெளியும்போது முதலில் கை போவது வாயில் இருக்கும் குழாய்க்குத்தான். மூச்சுக்குழாய்க்குள் அதன் நுனியில் ஒரு பலூன் ஊதியிருக்கும், அப்படியே பிடுங்கினால் குரல்வளை காயப்படும், அதைவிட மூச்சு நின்றுபோகும் ஆபத்து. நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் கட்டை அவிழ்த்துவிட முடியுமா என்று டியூட்டி நர்ஸிடம் கேளுங்கள், சில இடங்களில் விடுவார்கள்.