எடைமேடை கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்: பாஸ்வேர்டு இருந்தும் ஆபத்தா?

குச்சிக்கிழங்கு கணக்கர்:
வணக்கம். ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எடைமேடை அறையில் விண்டோஸ் 7 கணினி ஒன்று. லாரி ஏறியதும் எடை சீரியல் கேபிள் வழியாக அதில் விழும். கிழங்கு எத்தனை டன், பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) எவ்வளவு, யார் காடு என்று சீட்டு அடிப்போம். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார், அதனால் விண்டோஸ் 10-க்கு மாற வழியில்லை.

முதலாளிக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம், வாரத்தில் பாதி நாள் மலைமேல்தான். அங்கிருந்தே எடையைப் பார்க்க, ஒரு பையனை வைத்து ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலை, இணையத்துக்குத் திறந்துவிட்டார். இந்த வாரம் இரண்டு நாள் காலையில் வந்து பார்த்தால் விண்டோஸ் முடங்கி நீலத்திரை. வெளியே நாலு லாரி நிற்கிறது, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். போர்ட்டால் வந்த வினை என்கிறார் நண்பர் ஒருவர். பாஸ்வேர்டு 14 எழுத்து, எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அது தெரியாமல் ஒருவன் எப்படி உள்ளே வருவான்?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
ரேமைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். சேகோ ஆலையில் நான் பார்த்த நீலத்திரையில் பாதி மாவுத்தூசிதான்.

இரவுப்பணி:
துடையுங்கள், ஆனால் முதலில் போர்ட்டை மூடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே ரிமோட் டெஸ்க்டாப் சேவை வந்தவனிடம் எந்தெந்த சானல் (தரவு போகும் தனிப்பாதை) வேண்டும் என்று பேசுகிறது. எம்.எஸ்.டி.120 என்ற சானல் விண்டோஸின் உள்வேலைக்கு உள்ளது. வெளியாள் அதே பெயரைக் கேட்டால் பழைய விண்டோஸ் மறுக்காமல் அதே சானலுக்கு இன்னொரு பதிவு போட்டுவிடும். உங்கள் பாஷையில், ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு. அவன் தன் சீட்டை ரத்து செய்ததும் லோடு இறங்கிவிடுகிறது. பழைய சீட்டோ லோடு இன்னும் மேடையில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். காலியான அந்த நினைவக இடத்தில் தன் சரக்கை ஏற்றிவிட்டால் விண்டோஸின் மையமான கெர்னலே அவன் கையில். ஏற்றுவதில் தப்பினால் நீலத்திரை. உங்கள் 14 எழுத்தை யாரும் கேட்கவே இல்லை.

இந்த ஓட்டையின் பெயர் ப்ளூகீப், பதிவு எண் சி.வி.இ.-2019-0708. 2019 மே 14-ல் அதை அடைக்கும் அப்டேட், அதாவது பேட்ச், வந்தது. ஆதரவு எப்போதோ நின்ற எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் கொடுத்தது என்றால் பயத்தைப் பாருங்கள். 2017-ல் வானாக்ரை என்ற வைரஸ் பரவியது போல இதுவும் கணினிக்குக் கணினி தானாகத் தாவக்கூடியது. விண்டோஸ் 8, 10-ல் இந்த ஓட்டை இல்லை. 2019 நவம்பரில், பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் பியூமாண்ட் பொறியாக வைத்திருந்த கணினிகள் நீலத்திரையில் விழுந்ததில்தான் தாக்குதல் நடப்பதே தெரிந்தது. உள்ளே வந்தவர்கள் கிரிப்டோ மைனர் (நம் கணினியை உழைக்கவைத்து அவர்களுக்கு டிஜிட்டல் காசு ஈட்டும் நிரல்) வைக்கப் பார்த்தார்கள். அதற்காக உங்களுடையதும் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா, கே.பி. 4499175 என்ற பேட்ச் அல்லது 2019 மே மாதத்து ரோலப்போ (மாதாந்திர மொத்த அப்டேட்) பிந்தையதோ ஏறியிருக்கிறதா பாருங்கள். ரிமோட் அமைப்பில் என்.எல்.ஏ. (நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்) உள்ள தேர்வைப் போடுங்கள். அப்போது பாஸ்வேர்டு முதலில் கேட்கப்படும். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போக வேண்டாம், ஸ்கேன் செய்பவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புது யூசர் கணக்கு முளைத்திருக்கிறதா, சும்மா இருக்கும்போதும் சி.பி.யு. கொதிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

குச்சிக்கிழங்கு கணக்கர்:
மூடிவிட்டேன். சர்வீஸ் பேக் இருக்கிறது, ஆனால் கடைசி அப்டேட் 2018! பேட்ச் ஏற்றி, என்.எல்.ஏ.வும் போட்டாயிற்று. புது யூசர் இல்லை. "அப்ப நான் எப்படிய்யா பார்க்கறது?" என்று முதலாளி மலையிலிருந்து கத்துகிறார்.

இரவுப்பணி:
வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வசதியுள்ள ரவுட்டர் வாங்கச் சொல்லுங்கள். அவர் லேப்டாப் அதன் வழியாக வரட்டும். 3389 வெளியே தெரியவே கூடாது. எப்படியும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, அடுத்த ஓட்டைக்குப் பேட்ச் எதிர்பார்க்காதீர்கள்.

குச்சிக்கிழங்கு கணக்கர்:
ரவுட்டர் வாங்கச் சம்மதித்துவிட்டார். அதுவரை சாயங்காலம் ஆறு மணிக்குச் சீட்டுக் கட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ரேமையும் துடைத்தேன், அரைப்படி மாவு தேறியது. நாலு நாளாக நீலத்திரை இல்லை. பேட்ச்சுக்கு நன்றி சொல்வதா துடைத்த துணிக்கா என்றுதான் புரியவில்லை.