தஞ்சோங் பூங்கா மலைச்சரிவில் தனி பங்களா வாங்கலாமா?

கேள்வி: வடகரைவாசி

வணக்கம். பினாங்கின் வடகரையில், தஞ்சோங் பூங்காவுக்கு மேலே மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் மூன்று மாடித் தனி பங்களாக்களுள் ஒன்றை இப்போதைய உரிமையாளரிடமிருந்து வாங்கலாமா என்று நானும் என் கணவரும் யோசித்து வருகிறோம். வானம் தெளிந்த நாளில் முன்கூடத்திலிருந்தே கெடாவின் குனோங் ஜெராய் மலை தெரிகிறது; சரிவின் விளிம்பை ஒட்டி, கடல் பார்த்த நீச்சல் குளமும் இருக்கிறது. பின்புறமோ, கூரையையும் விஞ்சும் உயரத்தில் மூன்று படிகளாக எழுந்த தாங்குசுவர், அதற்கும் மேலே காடு.

எங்களுக்கு உள்ள ஐயங்கள் இரண்டு. அந்தச் சுவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வீட்டுத் தரகர், "பதிவுபெற்ற பொறியாளர் கட்டியது, இதுவரை ஒரு கல்கூட விழவில்லை" என்ற ஒரே பதிலைத் தருகிறார்; அதை நம்பி இத்தனை பெரிய தொகையைப் போடலாமா? அடுத்து, கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இந்த வீடோ அந்த உயரத்தைத் தாண்டியிருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் அனுமதி எப்படிக் கிடைத்தது, நாளை பட்டாவுக்குச் சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மண்ணும் மழையும்

அம்மா, மலைச்சரிவு வேலைகளிலேயே காலம் கழித்த பொறியாளன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் எழுதுகிறேன். "இதுவரை விழவில்லை" என்பது சுவரின் வலிமைக்குச் சான்றாகாது. இதுவரை பெய்த மழையை அது தாங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. வெயிலும் மழையும் நெடுங்காலமாக அந்தப் பாறையைச் சிதைத்து, மேலே பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக மாற்றி வைத்திருக்கின்றன. சிதையாமல் எஞ்சிய உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நாள்கணக்கில் மழை பெய்து நீர் உள்ளே இறங்கியதும், துகள்களை இழுத்துப் பிடித்திருந்த பிடிமானம் தளர்ந்து, இடைவெளிகளில் நீரின் அழுத்தம் ஏறி, அதே மண் சரிந்து இறங்கிவிடும். ஆகவே சுவர் எத்தனை தடிமன் என்று கேட்பதற்கு முன்னால், அதன் பின்னால் வந்து சேரும் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்க வேண்டும்.

வீட்டை வெயில் நாளில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில், இரவு முழுதும் கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாள் காலையில் போய், சுவரில் உள்ள வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் நல்லது. சுவரெங்கும் ஈரம் பூத்து, விரிசல்கள் வழியாக நீர் இறங்கும்போது துளைகள் மட்டும் வறண்டிருந்தால், அவை அடைபட்டிருக்கின்றன என்றும் நீர் உள்ளேயே தேங்குகிறது என்றும் கொள்ளலாம். கலங்கிய செந்நீர் வந்தால் இன்னும் மோசம். பின்னாலுள்ள மண்ணே கரைந்து வெளியேறுகிறது. பிறகு, ஒவ்வொரு படியிலும் ஓடும் கான்கிரீட் வாய்க்கால் ஓரமாக நடந்து பாருங்கள். அதில் சருகும் மண்ணும் அடைத்திருக்கின்றனவா, வாய்க்காலுக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விட்டிருக்கிறதா, மேலேயுள்ள மரங்களின் அடிப்பகுதி கீழ்நோக்கிச் சாய்ந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கிறதா என்பவற்றைத் தரகரின் வாக்குறுதிக்கு மேலாக நான் நம்புவேன்.

2017 அக்டோபர் 21 அன்று இதே தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 பேர் உயிரிழந்தார்கள். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம் இயற்கையின் மேல் பழியைப் போடவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய, மனிதர்களால் விளைந்த விபத்து என்றே முடிவு செய்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் தீவின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த மழையின்போது இந்தச் சுவருக்கு என்ன நேர்ந்தது, அதன் பிறகு என்ன பழுது பார்த்தார்கள் என்று இப்போதைய உரிமையாளரிடமே கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவருக்கோ தரகருக்கோ தொடர்பில்லாத ஒரு சரிவுப் பொறியாளரை உங்கள் செலவில் அழைத்துப் போவதும், வீட்டின் விலையோடு ஒப்பிட்டால், பெரிய செலவாக இராது.

மறுமொழி: நிலமும் சட்டமும்

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். 76 மீட்டர் என்பது பழைய 250 அடிக் கணக்கு. அந்த உயரத்துக்கு மேற்பட்ட நிலமோ, 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலமோ மேம்பாட்டுக்கு உரியதன்று என்பதே 2007-இல் அரசிதழில் வெளியான பினாங்குக் கட்டமைப்புத் திட்டத்தின் நிலைப்பாடு. ஆனால் "சிறப்புத் திட்டங்கள்" என்ற பெயரில் அதற்கு விலக்கும் உண்டு. குடியிருப்புக்கு உரியது என முன்பே வகைப்படுத்தப்பட்ட நிலங்கள் பலவற்றுக்கு அந்த வழியில் அனுமதி கிடைத்திருக்கிறது. எனவே உயரத்தைத் தாண்டியிருப்பதாலேயே வீடு சட்டவிரோதம் ஆகிவிடாது. மாநகர் மன்றத்தில் திட்ட அனுமதியையும், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும், கட்டுமான நிறைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, இப்போது கண்ணெதிரே நிற்கும் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத தளமும் குளமும் பிற்பாடு முளைத்திருந்தால் சிக்கல் அங்கேதான்.

எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி, அந்தச் சுவர் யாருடையது என்பது. தனிப்பட்டா உள்ள வீடானால், உங்கள் மனையின் எல்லைக்குள் வரும் சுவரின் பொறுப்பும் செலவும் உங்களையே சேரும். ஸ்ட்ராத்தா பட்டா (வீடு தனித்தனியாகவும் பொது இடங்கள் எல்லாருக்கும் சேர்த்தும் அமையும் பட்டா) உள்ள வேலியிட்ட குடியிருப்பானால், சுவர் பொதுச்சொத்தாக இருக்கலாம். அப்போது வீட்டு உரிமையாளர்கள் அடங்கிய நிர்வாகக் கழகம் அதைப் பராமரிக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டுக்கு ஈடான தொகை, பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்குப் போக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் விதி. அந்த நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீட்டார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பணக்காரர்கள் வாழும் இடத்தில் பாக்கி இராது என்று எண்ண வேண்டாம்.

சுவருக்கு மேலேயுள்ள காட்டைப் பற்றியும் நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தபோது, பின்புறமிருந்த சரிவும் அதில் வழிமாற்றப்பட்ட ஓடையும் குடியிருந்தவர்களின் கையில் இல்லை. 2000-இல் உயர்நீதிமன்றம் பக்கத்து நில உரிமையாளர் உட்படப் பலருக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது; ஆனால் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைச் சுட்டி, ஊராட்சி மன்றத்தை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. "மன்றம் அனுமதித்த வீடுதானே" என்று ஆறுதல் கொள்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

மறுமொழி: மேட்டுவீட்டுக்காரர்

மேலே எழுதியவர்களை மறுக்கவில்லை. ஆனால் இங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில், மலைச்சரிவு வீடு என்றாலே ஆபத்து என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பினாங்கின் கொடிமலையில் ஆங்கிலேயர் காலத்து பங்களாக்கள் இன்றும் நிற்கின்றன. மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு. அவை பெரும்பாலும் முகட்டின் மேல் அமைந்தவை, சரிவை வெட்டி எடுத்து உட்கார்ந்தவை அல்ல என்ற வேறுபாட்டை நானும் ஏற்கிறேன்.

எங்கள் வரிசையில் வீட்டார் சேர்ந்து ஆள் வைத்து, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வாய்க்கால்களைச் சுத்தம் செய்கிறோம். என்னைப் பொறுத்தவரை அன்றாடத் தொல்லை உப்புக்காற்றுதான்: பால்கனிக் கம்பிகளும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியும் கீழே நகரில் இருப்பவர்களுடையதைவிட விரைவாகத் துருப்பிடிக்கின்றன. பத்து பெரிங்கிப் பக்கம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு மரம் விழுந்தாலும் போக்குவரத்து நின்றுவிடும். காப்புறுதி எடுக்கும்போது, நிலச்சரிவும் நிலத்தாழ்வும் வழக்கமான வீட்டுக் காப்புறுதியில் அடங்குவதில்லை, கூடுதல் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வடகரைவாசி

மூவருக்கும் நன்றி. பட்டா தனிப்பட்டாதான் என்று தெரிந்துகொண்டோம். சுவரின் கீழ்ப்படி மட்டும் மனைக்குள் வருகிறது, மேலிரண்டு படிகள் யாருடையவை என்று தரகருக்கே தெரியவில்லை. பொறியாளர் ஐயாவிடம் இன்னொன்று: விளிம்பிலுள்ள நீச்சல் குளத்தால் சரிவுக்குப் பாதகம் உண்டா?

மறுமொழி: மண்ணும் மழையும்

மேலிரண்டு படிகளுக்கு உரியவர் யார் என்று தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள், அம்மா.

குளத்தின் எடையைவிட அதன் கசிவே எனக்குக் கவலை. மழை ஓய்ந்தாலும் கசிவு ஓய்வதில்லை. மேலே யாருக்கும் தெரியாமல், வீட்டின் கீழுள்ள சரிவை ஆண்டு முழுதும் ஈரமாகவே வைத்திருக்கும். இதை அறிய எளிய வழி உண்டு. நீரேற்றியை நிறுத்திவிட்டு, வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படிக்கட்டிலேயே வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத ஒரு முழு நாள் கழித்துப் பார்த்தால், வெயிலில் வற்றும் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் மிச்சம் மண்ணுக்குப் போகிறது. விளிம்பில் வழியும் நீர் சேரும் தொட்டியையும் அதே முறையில் பாருங்கள். வடிகட்டியைக் கழுவும் நீர் எந்தக் குழாய் வழியாக எங்கே விடப்படுகிறது என்றும் கேளுங்கள். பொதுக்கால்வாயில் சேராமல் சரிவிலேயே திறந்துவிடப்பட்டிருந்தால், விலை பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.